சிமெண்ட் லாரி அண்ணனுக்கும் எங்கள் தெருவுக்கும்

அன்புள்ள லாரி அண்ணனுக்கு, பெத்தம்மாவுக்கு, படகுத் தாத்தாவுக்கு, வாலண்டீர் தங்கைக்கு,

வணக்கம். உங்களில் மூன்று பேர் நாலு எட்டு நடந்தால் பார்க்கக் கூடியவர்கள்தான். மிக்ஜாம் புயலின்போது என் குடும்பத்துக்குச் செய்ததற்கு ஒருநாள் நேரில் போய் நன்றி சொல்லவும் செய்தேன். "என்ன புதுசா தேங்க்ஸ் எல்லாம் சொல்லிக்கிட்டு? வேத்தாளா நாங்க?" என்று பெத்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதோடு அந்தப் பேச்சை விட்டேன். லாரி அண்ணனைத்தான் எங்கே போய்த் தேடுவது என்று தெரியவில்லை. அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தடாவுக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிக்கரையில். ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா என்பதெல்லாம் போர்டில்தான். இங்கே பாதிப் பேருக்கு வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு, கோபம் வந்தால் இரண்டும். என் மனைவி பிலிப்பைன்ஸ்காரி, கிழக்கு சமார் மாகாணம். சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது பழகிக் கல்யாணம் செய்துகொண்டோம். பக்கத்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் எனக்கு வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு இங்கே குடிவந்தோம். பெரியவளுக்கு அப்போது ஆறு வயது. சின்னவன் கைக்குழந்தை.

2023 டிசம்பர் 2, சனிக்கிழமை. பெரம்பூரில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு நான் மட்டும் போனேன். மறுநாள் ராத்திரி சூலூர்பேட்டை மின்சார ரயிலில் திரும்பிவிடலாம் என்று கணக்கு. ஞாயிறு ராத்திரி பிடித்த மழை திங்கள் முழுக்க விடவில்லை. ரயில் இல்லை, தெருவில் இடுப்பளவு தண்ணீர், போன் செத்துவிட்டது. 'வீட்டில் ஆம்பளை இல்லையே' என்று மொட்டை மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து பதறிக்கொண்டிருந்தேன். இருந்திருந்தால் என்ன கிழித்திருப்பேன் என்பது வேறு விஷயம். எனக்குப் புயலைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தவள் அங்கேதான் இருந்தாள்.

2013 நவம்பர் 8 அன்று ஹையான் புயல் (அவர்கள் ஊரில் அதற்குப் பெயர் யோலாண்டா) முதலில் கரையேறியதே கிழக்கு சமாரில்தான். பக்கத்துத் தீவில் தாக்லோபான் நகருக்குள் கடல் புகுந்தது. அந்த நாட்டில் ஆறாயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். எச்சரிக்கை வராமல் இல்லை. 'ஸ்டார்ம் சர்ஜ்' வரும் என்று டிவியிலும் ரேடியோவிலும் சொன்னார்கள். புயல் கடலையே ஊருக்குள் தள்ளிக்கொண்டு வரும் என்று அதற்கு அர்த்தம். அது பலருக்குப் புரியவில்லை. சுனாமி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடியிருப்போமே என்று பிழைத்தவர்கள் பிறகு சொன்னார்கள். அன்றிலிருந்து புயல் என்றால் என் மனைவி கேட்பது ஒரே கேள்விதான்: கடல் உள்ளே வருமா?

ஞாயிறு காலையில் அவள் பெத்தம்மா வீட்டுத் திண்ணையில் நின்று, வானத்தைக் காட்டி, "பாக்யோ, பாக்யோ" என்றிருக்கிறாள். அவள் பாஷையில் புயல். பெத்தம்மா காதில் அது பாக்கியம் என்று விழுந்திருக்கிறது. "ஏண்டி அம்மாயி, புயல் வர்றது உனக்குப் பாக்கியமா?" தெருவே சிரித்ததாம். எங்கள் பெரியவள் நடுவில் நின்று மூன்று பாஷையில் மாற்றி மாற்றிச் சொல்லி விளங்கவைத்தாள்.

சிரித்து முடித்த பிறகு அவள் சொன்னதையும் காதில் வாங்கினீர்கள் பாருங்கள், அதற்குத்தான் முதல் நன்றி. ஷீட் கூரைகளின் மேல் நைலான் கயிற்றைக் குறுக்கே போட்டு இழுத்துக் கட்டினீர்கள். குடம் குண்டான் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தீர்கள். பட்டா, பாஸ்புக், ரேஷன் கார்டு எல்லாம் பாலிதீன் கவருக்குள் போனது. வாழவந்த ஊரில், பாஷை தெரியாத ஒருத்தியின் பேச்சுக்கு மதிப்பு கொடுத்தீர்கள். எட்டு வருஷம் வேலை பார்த்த சிங்கப்பூரில் அவளிடம் யாரும் யோசனை கேட்டதில்லை என்று அவளே சொல்வாள்.

அவள் கேள்விக்குப் பதில் சொன்னவர் தாத்தா. 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா பக்கம் புயல் கரையேறியபோது இந்தக் கரையில் இருந்தவர் அவர். அவளையும் பெரியவளையும் படகுத்துறைக்குக் கூட்டிப்போய், படகுக் கழியில் கட்டியிருந்த சேலைக் கிழிசலைக் காட்டினாராம். அது தெற்கே பார்த்துப் படபடத்தது. "வாடைக்காத்து. இது அடிக்கிற வரைக்கும் ஏரித்தண்ணி தெக்கால போகும். இப்ப நமக்குக் கடலு பயமில்ல, காலங்கிதான் பயம். மலைத்தண்ணி மொத்தமும் அதுல வரும். முகத்துவாரம் தூந்து கெடக்குது, சட்டுனு வடியாது. பள்ளிக்கூடத்துக்குப் போயிடுங்க." இதையும் பெரியவள்தான் மொழிபெயர்த்தாள். எங்கள் பக்கத்து ஆறான 'காலங்கி'யை யாரோ ஒரு கெட்ட ஆள் என்று அவள் நினைத்துக்கொண்டது தனிக்கதை.

அப்புறம் வாலண்டீர் தங்கை. அப்போது ஆந்திராவில் அரசு உதவிகளை வீடு தேடிக் கொண்டுவர ஐம்பது வீட்டுக்கு ஒரு வாலண்டீர். தங்கையின் போனில் இருந்த ஐம்பதில் நாங்கள் இல்லை. ஆதார் முகவரியை மாற்று, மாற்று என்று அந்தப் பெண் எத்தனையோ முறை சொல்லியும் மாற்றாதது என் சோம்பேறித்தனம். பட்டியலில் இல்லாத வீட்டுக்கு வரவேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. நோட்டின் பின்னட்டையில் பேனாவால் எழுதினாள்: '51. பிலிப்பைன்ஸ் அக்கா, பிள்ளைகள் 2, பெரியவர் ஊரில் இல்லை.' அந்தப் பெரியவர் நான்தான். திங்கள் சாயங்காலம் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறியபோது, சின்னவனை ஓர் அலுமினிய அன்னக்கூடையில் துணி விரித்துப் படுக்கவைத்து, தலையில் சுமந்து பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். குழந்தை தூங்கிக்கொண்டே போனானாம்.

பள்ளிக்கூடத்தில் இரண்டு ராத்திரி. சின்னவனுக்குக் காய்ச்சல் கண்டபோது செல்போன் டார்ச் வெளிச்சத்தில் மருந்து அளந்து கொடுத்த நர்சம்மாவுக்கும், மூன்று வேளையும் உப்புமாவே என்றாலும் சூடாகக் கிண்டிப் போட்டவர்களுக்கும் நன்றி. என் மனைவி அதுவரை அழவில்லையாம். இரண்டாம் நாள் யாரோ கருவாடு சுட, அந்த வாசம் மூக்கில் ஏறியதும்தான் அம்மா ஞாபகம் வந்து அழுதாளாம். ஏன் அழுகிறாள் என்று தெரியாமலே பெத்தம்மாவும் சேர்ந்து அழுதிருக்கிறார்.

வெள்ளம் வடிந்ததும் பட்டியலில் இருந்த வீடுகளுக்கு 25 கிலோ அரிசி வந்தது. எங்களுக்கு வரவில்லை, வராதுதானே. ஆனால் அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் ஆளுக்கு ஒரு படி கொட்டிவிட்டுப் போனார்கள். எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது படி.

இனி லாரி அண்ணனுக்கு. செவ்வாய்க்கிழமை விடியற்காலை பெரம்பூரிலிருந்து நடந்தும் நீந்தாத குறையாகவும் செங்குன்றம் வந்து சேர்ந்தேன். நெல்லூர் போகும் லாரியை நிறுத்தி என்னை ஏற்றிக்கொண்டீர்கள். தொப்பலாக நனைந்திருந்தேன். உங்கள் சிவப்புத் துண்டை எடுத்துப் போட்டு "தொட" என்றீர்கள். வழிநெடுகத் தெலுங்கில் திட்டிக்கொண்டே வந்தீர்கள். மழையையா என்னையா என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை. தடாவில் இறங்கி இருநூறு ரூபாயை நீட்டினேன். "போய்ப் புள்ளைங்களப் பாரு" என்று தமிழில் சொல்லிவிட்டு கியரைப் போட்டீர்கள். அன்று மத்தியானம்தான் மிக்ஜாம் பாபட்லா பக்கம் கரையேறியது. அந்த மழையில் எதுவரை போனீர்களோ.

உங்கள் துண்டு என் கழுத்திலேயே வந்துவிட்டது. துவைத்து மடித்து அலமாரியில் வைத்திருக்கிறோம். இந்தப் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டு வந்தால், படகுத்துறைக்குத் திரும்பும் முனையில் இருக்கிற டீக்கடையில் 'பாக்யோ வீடு' என்று கேளுங்கள். இப்போது ஊரில் எங்கள் வீட்டுக்கு அதுதான் பெயர்.