பூச்சியுண்ணும் செடிகளுக்கு ஏற்ற மண்

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள தேவன் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே வீட்டில் அனைவரும் நலம். தங்கள் பேத்தி டிரோசெரா கேப்பென்சிஸ், வீனஸ் பூச்சிப்பொறி என்னும் இரு பூச்சியுண்ணும் செடிகளை வளர்க்கத் தொடங்கியிருக்கிறாள் என்று படித்து மிகவும் மகிழ்ந்தேன். அவற்றிற்கு எந்த மண் ஏற்றது என்று கேட்டிருந்தீர்கள். தோட்டக்கடைகளில் விற்கும் எருக்கலந்த மண்ணை மட்டும் தயவுசெய்து வாங்க வேண்டாம். சத்தற்ற நிலத்தில் வாழப் பழகியதால்தான் இச்செடிகள் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் பூச்சிகளிடமிருந்து பெறுகின்றன. நாம் அன்போடு இடும் எரு அவற்றின் வேர்களைக் கெடுத்துவிடும்.

தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியிலுள்ள தங்கள் ஊர் மலைகளைப் பார்த்தாலே இது விளங்கும். மணற்பாறை சிதைந்து உண்டாகி, மழையில் சத்தெல்லாம் கரைந்துபோன புளிப்பு (அமில) மண்ணில், நீர் ஓயாது கசியும் இடங்களில்தான் கேப்பென்சிஸ் வளர்கிறது. தொட்டியிலும் அத்தகைய வறிய, ஈரமான, புளிப்பான நிலத்தையே நாம் உண்டாக்க வேண்டும்.

அதற்கு ஸ்பாக்னம் பாசி மட்கிய பீட் மோஸும் சிலிக்கா மணலும் சரிபாதியாகக் கலந்த கலவையையே நான் விரும்புகிறேன். நீரிலுள்ள கால்சியம் போன்றவற்றைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனிகளை வெளியிடுவது ஸ்பாக்னத்தின் இயல்பு; பீட்டின் புளிப்புக்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் சதுப்பு நிலத்தில் பீட் ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் அளவே சேர்கிறது என்பதால், அதை மூட்டை மூட்டையாகத் தோண்டி எடுப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. ஆகவே பூச்சிப்பொறிக்கு மட்டும் பீட்டை வைத்துக்கொண்டு, எளிதில் பிழைக்கும் கேப்பென்சிஸுக்குத் தேங்காய் நார்த்தூளைப் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. தேங்காய் மட்டையை உப்புநீரில் ஊறவைக்கும் வழக்கம் உண்டாதலால், அந்தத் தூளை மழைநீரில் பலமுறை ஊறவைத்துப் பிழிய வேண்டும். உரம் கலந்த தூளாக இருந்தால் வேண்டவே வேண்டாம்.

மணலைத் தேர்வதில்தான் கூடுதல் கவனம் தேவை. கடல்மணலில் உப்பும், சிப்பித்தூளின் சுண்ணாம்பும் இருக்கும். கட்டட மணலில் களிமண் கலந்திருக்கலாம். நீச்சல்குள வடிகட்டிக்கென்று விற்கும் சிலிக்கா மணலை வாங்கி, ஒரு கரண்டி மணலில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரை பொங்கினால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். நல்ல மணலாயினும் தூசி போகக் கழுவியே கலக்க வேண்டும். மணல் கிடைக்காவிட்டால், எரிமலைப் பாறையைச் சூடாக்கிப் பொரித்த வெண்துகளான பெர்லைட் போதும்.

எவ்வளவு நல்ல கலவையானாலும், குழாய்நீர் ஊற்றினால் அதில் நாளடைவில் தாதுக்கள் சேர்ந்துவிடும். எங்களுக்குக் கோடையில் மழை, தங்களுக்குக் குளிர்காலத்தில் மழை. எனவே கோடைக்கு வேண்டிய மழைநீரை இப்போதே பீப்பாய்களில் பிடித்து வையுங்கள். பூச்சிப்பொறியை ஆகஸ்ட் மாத இறுதியில், புதுத் தளிர் விடுமுன் மாற்றி நடுவது நல்லது. வினிகர் சோதனையின் விவரத்தை அடுத்த கடிதத்தில் பேத்தியையே எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
குமரன்