மேசைக் காலில் சில்லுப் பூட்டுவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் பொது மண்டபம், தனியார் வகுப்பு, தையல் நிலையம் என்று எங்கு போனாலும் மரமேசைகளுக்குச் சுழலும் சில்லுப் பூட்டும் ஆசை பிடித்திருக்கிறது. நான்கு பேர் தூக்க வேண்டிய மேசையை ஒருவரே தள்ளிவிடலாமே என்கிறார்கள். ஆசையில் பிழையில்லை. பூட்டுகிற விதத்தில்தான் எனக்குக் கோபம். பல காலம் மரவேலை படிப்பித்து இளைப்பாறியவனுக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர் மண்டபத்துக்கு வந்த புதிய மேசைகளைக் கவிழ்த்துப் பார்த்தேன். காலின் அடிமுகத்தில் சில்லின் இரும்புத் தட்டை வைத்து, திருகாணிகளை நேரே மேல்நோக்கி முடுக்கியிருக்கிறார்கள். ஒடுங்கிய காலுக்கு அகன்ற தட்டு. ஆணிகள் விளிம்போடு ஒட்டிப் போனதில் சில கால்கள் இப்போதே வெடித்துவிட்டன. மரத்தின் நார் காலின் நீளவாக்கில் ஓடுகிறது. அடிமுகத்தில் ஏறும் ஆணி அந்த நாரைப் பிளந்துகொண்டு போகிறதே தவிர, குறுக்கே பிடிப்பதில்லை. அதன் புரிக்குள் அகப்படுவதெல்லாம் வெட்டுண்ட நார்த் துணுக்குகள். அவை விரைவில் உதிர்ந்துவிடும்.

சில்லின் அமைப்பும் இதற்குத் துணைபோகிறது. சுழலும் சில்லின் அச்சு, அது திரும்பும் மையத்துக்கு நேர் கீழே இருக்காது. சற்று விலகியே இருக்கும். அப்படி இருந்தால்தான் தள்ளும் பக்கம் திரும்பும். ஆனால் தரையோட்டின் விளிம்பில் தட்டுப்படும் ஒவ்வொரு தடவையும் அது காலைப் பக்கவாட்டில் நெம்புகிறது. மேசையைத் தந்தவர்கள் "மரம் கூடாது" என்று மரத்தின் தலையில் பழியைப் போட்டுவிட்டார்கள். மரம் வாய் திறக்காது என்ற தைரியம்!

பாரம் குறைந்த மேசைக்குத் தட்டுச் சில்லு வேண்டாம். தட்டுக்குப் பதிலாகத் தண்டும், அது செருகும் குழலும் உள்ள தண்டுச் சில்லு போதும். ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத சதுரக் காலின் நடுவில், குழலின் அளவுக்கேற்ற அலகால் செங்குத்தாகத் துளையிட்டு, குழலை இறுக்கமாகத் தட்டி இறக்கி, அதில் தண்டைச் செருக வேண்டும். கீழே கூராகச் சீவிய காலுக்கு இதுவும் சரிவராது. பாரமான மேசையென்றால், இரண்டிரண்டு கால்களை அடியில் ஒரு படுக்கைச் சட்டத்தால், துளையும் கழுந்துமாக (ஒன்றில் துளையிட்டு, மற்றதன் சீவிய முனையை அதில் செருகி) இணைத்துவிட்டு, தட்டைச் சட்டத்தில் பூட்ட வேண்டும். அங்கே ஆணி நாருக்குக் குறுக்கே இறங்கும். போல்ட் போட்டு முடுக்கினால் இன்னும் நல்லது. சட்டமும் சில்லும் கூட்டும் உயரத்தைக் காலில் முன்கூட்டியே குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுத உட்காருகிற பிள்ளை நெஞ்சளவு மேசையோடு மல்லுக்கட்டும்.

சில்லு வாங்கும்போது மொத்தப் பாரத்தை நான்கால் அல்ல, மூன்றால் வகுத்துப் பாருங்கள். எங்கள் சீமெந்துத் தரைகளில் நான்கு சில்லும் ஒரே நேரத்தில் சமமாகப் பாரம் தாங்குவது அருமை. பிரேக் உள்ளவை குறைந்தது இரண்டு வேண்டும். முன்பள்ளி என்றால் நான்கும். எழுவான்கரையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்றில் மலிவான சில்லுக்குள் உருளும் இரும்புக் குண்டுகள் துருப்பிடித்து இறுகிவிடும். பிள்ளைகளின் காலோடு வரும் மணலும், தையல் அறையின் நூலும் அச்சில் சுற்றிக்கொள்ளும். அவ்வப்போது துடைத்துக் கிறீஸ் இட ஒருவரைப் பொறுப்பாக்க முடியாத இடத்தில் சில்லே வேண்டாம்.

விலைமனுக் கோரும் தாளில் "சில்லுப் பூட்டுதல்" என்று ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். என்ன சில்லு, காலிலா சட்டத்திலா, எத்தனை பிரேக் என்று எழுதினால், மலிவு விலை கேட்டவருக்கும் ஒழுங்காகச் செய்கிறவருக்கும் வேறுபாடு தெரியும்.

இத்தனையும் எழுதவைத்தது வேறொரு செய்தி. 1978 நவம்பர் 23 சூறாவளியில் விழுந்த பலா மரங்களை அறுத்துச் செய்த பழைய மேசைகள் அதே மண்டபத்தில் இருக்கின்றன. அவற்றின் கால்களையும் தறித்துச் சில்லு வைக்கப் போகிறார்களாம். தயவுசெய்து வேண்டாம். மேசையை ஏற்றித் தள்ளுவதற்குத் தனியாக ஒரு சில்லுப் பலகை செய்தால் எல்லா மேசைகளுக்கும் அதுவே போதும். பலகைக்கு வேண்டிய மரம் என் வீட்டுத் தாழ்வாரத்தில் கிடக்கிறது. நிர்வாகத்தினர் ஆளனுப்பி எடுத்துக்கொள்ளலாம்.

இளைப்பாறிய மரவேலை ஆசிரியர்,
களுவாஞ்சிக்குடி.