கைபேசிப் படக்கலை வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டும் மாதம் ஒரு வெளிப்புற நடை, அதற்கடுத்த வாரம் ஒரு எடிட்டிங் வகுப்பு என்று நடத்தினோம். மழையால் ஒரு நடை தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். புதியவர்கள் நிறையப் பேர் சேர்ந்திருப்பதால், நடைகளில் கற்றதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் நடையில் பலருடைய படங்கள் பனி மூடினாற்போல் இருந்தன. லென்ஸில் விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்குதான் காரணம். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிட்டு அதே இடத்தில் எடுத்தோம், பளிச்சென்று வந்தது. அன்றிலிருந்து துடைத்த பிறகுதான் நடையையே தொடங்குகிறோம்.

ஆண்டு முழுக்க எங்களைப் படுத்தியது வானம். மூத்த உறுப்பினர் ஒருவர் மாலையில் ஒற்றை மரம் ஒன்றை எடுத்தார். மரம் தெளிவாக இருந்தது, ஆனால் பின்னால் இருந்த மேகமெல்லாம் வெள்ளைக் காகிதம் போல ஆகிவிட்டது. திரையில் மேகத்தைத் தொடச் சொன்னோம். பக்கத்தில் தோன்றிய சூரியக் குறியைக் கீழே இழுக்க இழுக்க, மேகத்தின் மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மரம் இருண்டது. சரி, அதை எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம். ஜேபெக் (JPEG) என்னும் வழக்கமான வகைப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை 256 வெளிச்சப் படிகள்தான். உச்சியைத் தொட்டுவிட்ட வெண்மையில் மீட்க எதுவும் மிஞ்சாது. நிழலில் ஓரளவு ஒளிந்திருக்கும். அதனால் வெளிப்புறத்தில் வானத்துக்குத்தான் முதல் மரியாதை என்பது என் உறுதியான கருத்து.

உச்சி வெயிலில் ஆட்களை எடுத்தால் கண்குழியில் நிழல் விழும். மர நிழலின் ஓரத்துக்கு அழைத்துப் போங்கள். சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் வெளிச்சம் காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருவதால் நீலம் சிதறி, பொன்னிறம் மிஞ்சுகிறது. அப்புறம், விரலால் இழுத்துப் பெரிதாக்காதீர்கள். போனில் இருக்கும் லென்ஸின் எல்லையைத் தாண்டினால் அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். நாலு அடி நடந்து போய் எடுங்கள்.

எடிட்டிங் வகுப்புகளுக்கு ஸ்னாப்சீட் செயலியே போதுமானதாக இருந்தது. முதலில் தொடுவானத்தை நேராக்கினோம். பிறகு ஹைலைட்டை, அதாவது மிக வெளிச்சமான பகுதிகளைக் குறைத்து, நிழலை ஏற்றினோம். அந்த மரத்தின் பட்டை அப்போதுதான் தெரிந்தது. நிழலை மிகவும் ஏற்றியபோது மணல் தூவினாற்போல் புள்ளிகள் வந்தன, அதனால் பாதியில் நிறுத்தினோம். நிறத்தைக் கடைசியில்தான் தொட்டோம். புல் பச்சை கண்ணைக் குத்தினால் அளவு மீறிவிட்டது என்று பொருள். மூலப் படத்தை அழிக்காமல் வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும் என்பதால், வட்டத்துக்கு டாக்குமென்ட்டாக அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஆண்டில் ரா (RAW) கோப்பு, அதாவது சுருக்கி மெருகேற்றாத மூலப் பதிவு, எடுக்க வசதியுள்ள போன்களுக்குத் தனி வகுப்பு நடத்தச் செயற்குழு விரும்புகிறது. நடைகளில் புதியவர்களுக்குத் துணை நின்ற மூத்தவர்களுக்கு நன்றி கூறி, இவ்வறிக்கையை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்