அந்தக் கட்டர் போட்டைப் பத்தி

மச்சான்,

நீ அனுப்பின போட்டோ எல்லாம் பாத்தன், ஒருக்கா இல்ல, நாலஞ்சு தரம். வெஸ்ட்செய்ல் 32 எண்ட கட்டர் பாய்போட், 1976ல செஞ்சது, மலேசியாவில லங்காவியில கரையில ஏத்தி வச்சிருக்கு, காத்தை வச்சே தானா சுக்கான் பிடிக்கிற விண்ட்வேன், லைஃப்ராஃப்ட், சோலார் எல்லாம் இருக்கு, ஓனருக்கு வயசு போயிட்டு அதான் விக்கிறாரு எண்டு எழுதியிருந்தாய். எனக்கும் நெஞ்சு அடிச்சிச்சுடா. நாவலடிக் கரையில இருந்து தூரத்தில போற கப்பலைப் பாத்துப் பாத்து கதைச்சதெல்லாம் ஞாபகம் வந்திட்டு. ஆனா வாங்கட்டா வேணாமா எண்டு கேட்டதுக்கு போட்டோவைப் பாத்து நான் பதில் சொல்ல மாட்டன்.

போன வருசம் மாசியில திருகோணமலைக்கு ஒரு பழைய கட்டர் வந்து நிண்டது. வயசான வெள்ளக்காரச் சோடி. டெக்கால தண்ணி ஒழுகுது, ஃபைபர் வேலை தெரிஞ்ச ஆள் வேணுமெண்டு என்னைக் கூப்பிட்டாங்க. வெளியால பாத்தா கோயில் தேர் மாதிரி, பித்தளை எல்லாம் மினுங்குது, தேக்குப் பலகையில அடிச்ச வார்னிஷில முகம் தெரியுது. உள்ளுக்க ஒரு அலுமாரிப் பலகையைக் கழட்டினன். பாய்மரத்தைப் பக்கத்தால இழுத்துப் பிடிக்கிற கம்பி வந்து பூட்டுற தகடு இருக்கே, செயின்பிளேட், அது டெக்குக்குள்ளால இறங்கி வாற இடத்தில தேத்தண்ணிச் சாயம் வடிஞ்ச மாதிரி கறை. நட்டில சாவியைப் போட்டு கால்வாசி கூடத் திருப்பல்ல, போல்ட் முறிஞ்சு கையில வந்திட்டு. ஸ்டெயின்லெஸ் எண்டா கறள் பிடிக்காதெண்டுதானே நாம நினைக்கிற, அதுக்குக் காத்துப் படணும் மச்சான், ஈரத்துக்குள்ள அடைஞ்சு கிடந்தா உள்ளால அரிச்சிட்டே போகும், வெளிய தெரியிற பக்கம் மட்டும் பளபள எண்டு கிடக்கும். அந்த அம்மா முறிஞ்ச துண்டைக் கையில வாங்கி வச்சிட்டு கனநேரம் ஒண்டும் பேசல்ல. அதை நம்பித்தான் ரெண்டு பேரும் வங்காள விரிகுடாவைத் தாண்டி வந்திருக்காங்க. வாங்கக்குள்ள போட்டைச் சோதிக்கிற ஒரு சேர்வேயர் வந்து பாத்து எல்லாம் ஓகே எண்டு எழுதிக் குடுத்தவராம்.

அதான் சொல்றன், கழட்டிப் பாக்காம காசு குடுக்காத. வெஸ்ட்செய்லுக்கு அந்தத் தகடு ஹல்லுக்கு, அதான் போட்ட உடம்புக்கு, வெளிப்பக்கம் போல்ட் பண்ணி இருக்கும், அது நல்ல விசயம், ஒழுக்கு குறைவு. ஆனா முன்பக்கம் அணியத்தில நீட்டிக்கொண்டு நிக்கிற மரம், பவ்ஸ்பிரிட், அதைக் கீழ்ப்பக்கமா இழுத்துப் பிடிக்கிற பொப்ஸ்டே கம்பி தண்ணி மட்டத்துக்குக் கிட்டத்தான் ஹல்லில வந்து பூட்டும், எந்த நேரமும் உப்புத்தண்ணி அடிக்கிற இடம். அது போனா பவ்ஸ்பிரிட் மேலால தூக்கும், முன்கம்பி தளரும், பாய்மரமே விழலாம். பவ்ஸ்பிரிட் டெக்கில வந்து உக்காருற இடத்தையும் பேனாக்கத்தியால குத்திப் பார், மெத்தெண்டு இறங்கினா உக்கிட்டு எண்டு அர்த்தம். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கிற கம்பி எல்லாம் எந்த வருசம் மாத்தினது எண்டு பில் கேள், பத்துப் பதினைஞ்சு வருசத்துக்கு மேல போயிருந்தா மாத்துற காசையும் விலையோட சேத்துக் கணக்குப் பார். ஹல்லில சின்னச் சின்னக் கொப்புளம் இருந்தா அதுக்குப் பயப்பிடாத, அது என்ட வேலை, உரிச்சுக் காயவிட்டு எபொக்சி போட்டுக் குடுப்பன்.

ஸ்லூப் மலிவா கிடைக்குதே, எதுக்குக் கட்டர் எண்டும் கேட்டிருந்தாய். ஸ்லூப்புக்கு ஒரு மரம், முன்னால ஒரு பாய். கட்டருக்கும் ஒரு மரம்தான், ஆனா முன்னால ரெண்டு பாய். காத்து ஏறினா வெளிப்பாயைச் சுருட்டிட்டு உள்ளுக்க இருக்கிற ஸ்டேசெய்லையும் குறைச்சுக் கட்டின பெரிய பாயையும் மட்டும் வச்சு ஓடலாம், இழுவை பாய்மரத்துக்குக் கிட்ட வந்திடும், சுக்கானோட மல்லுக்கட்டத் தேவையில்ல. ரெண்டு பேர் மட்டும் ஓடுற போட்டுக்கு அது பெரிய நிம்மதி.

வெஸ்ட்செய்ல் பாரம்தான், இருபதாயிரம் ராத்தலுக்குக் கிட்ட, லேசான காத்தில நத்தை மாதிரி. ஆனா 1991 ஐப்பசிப் புயலில சடோரி எண்ட வெஸ்ட்செய்ல்ல இருந்த மூண்டு பேரையும் அமெரிக்கக் கோஸ்ட் கார்ட் எடுத்தாப் பிறகு, போட் ஆளில்லாம தானா மிதந்து போய் மேரிலாண்ட் கரையில ஏறிக் கிடந்தது, பெருசா ஒண்டும் உடையல்ல. 1969ல முதல்முதலா ஒரு மனிசன் தனியா, எங்கயும் நிக்காம உலகத்தைச் சுத்தி முடிச்ச சுஹைலி எண்ட போட்டும் இதுக்கு உறவுக்காரிதான், ரெண்டும் போட் வரையிற அட்கின் எண்டவர்ட பழைய வரைபடத்தில இருந்து வந்தது. சுஹைலிக்கு ரெண்டு மரம், பம்பாயில தேக்கில கட்டினது. அவ்வளவு தூரம் ஏன் போவான், வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி எண்ட கப்பல் பாயிலயே ஓடி 1938ல அமெரிக்காவுக்குப் போய்ச் சேந்தவள்தானே.

வாங்கினா தையில வெளிக்கிடு. லங்காவியில இருந்து சுமாத்திராட வடக்கு முனையைச் சுத்தித் திருகோணமலைக்கு ஏறத்தாழ 1,100 கடல்மைல், அந்த போட்டில ஒம்பது பத்து நாள் வரும், வாடை பின்பக்கத்தால தள்ளிக்கொண்டு வரும். மலாக்காவில இருந்து தேவேந்திரமுனைப் பக்கம் போற பெரிய கப்பல்ட பாதைக்குக் கிட்டத்தான் வரணும், அந்த ராவுகளில ரெண்டு பேரும் ஒண்டா நித்திரை கொள்ளாதீங்க. மட்டக்களப்புக்குள்ள கொண்டுவரலாம் எண்டு நினைக்காத, அதுக்கு அடியில இருக்கிற கீல் தண்ணிக்குள்ள அஞ்சடி ஆழம் இறங்கும், நம்மட முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கிற இடம். நான் திருகோணமலையில வந்து நிக்கிறன்.

இஞ்ச எல்லாரும் சுகம். அம்மாக்கு முழங்கால் நோவு கூடித்தான் இருக்கு, உன்னைக் கேட்டவ. மகன் பின்னேரத்தில பட்டறைக்கு வந்து ஃபைபர் மேட் வெட்டப் பழகிட்டான், கை நேரா வருது.

மறுகா, லங்காவிக்குப் போகக்குள்ள ஒரு சின்னச் சுத்தியல் கொண்டு போ. டெக்கில அடி அடியாத் தட்டிக்கொண்டு வா, டொக் டொக் எண்டா இறுகி இருக்கு, டப் எண்டு செத்த சத்தம் கேட்டா ஃபைபருக்கு உள்ளுக்க இருக்கிற மரம் ஊறிட்டு. சத்தத்தோட வீடியோ எடுத்து அனுப்பு, நான் கேட்டுச் சொல்றன்.

உன்ட மச்சான்