இங்கே பிறந்தவர்களும் அகதிகளா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மதுரை ஆனையூர் இலங்கைத் தமிழர் முகாமுக்கு அருகில் வசிக்கிறேன். முகாமில் பிறந்து, என்னிடம் டியூஷன் படித்த தம்பி ஒருவன் இன்று பொறியியல் பட்டதாரி. ஆனால் போவது பெயிண்ட் அடிக்க, அவன் அப்பாவைப் போலவே. 1983 கலவரத்துக்குப் பின் கடல் தாண்டி வந்த குடும்பம். 1987 ஜூலை 1-க்குப் பிறகு இந்த மண்ணில் பிறந்தாலும், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை கிடைக்கும். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சிறுபான்மையினருக்குக் குடியுரிமை தர வழிசெய்த 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்திலும் இலங்கையைச் சேர்க்கவில்லை. அதனால் அவனுக்கு அரசு வேலையும் இல்லை, வெளிநாடு போக இந்திய பாஸ்போர்ட்டும் இல்லை.

சுவர் சுரண்டும் தூசியை வருடக்கணக்கில் சுவாசித்த அவன் அப்பாவுக்கு இப்போது ஓயாத இருமல். பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், "ஒரு நாள் கூலி போயிடுமே டீச்சர்" என்கிறார். மகனுக்கு மாதச் சம்பளம் இருந்தால் அவர் இப்படிச் சொல்வாரா? அந்தத் தூசியைத்தான் இப்போது மகனும் சுவாசிக்கிறான். எனக்கு மனசு ஆறவில்லை.

2021-இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியதையும், புது வீடுகள் கட்டித் தருவதையும் மனமார வரவேற்கிறேன். இங்கே பிறந்த பிள்ளைகளுக்காவது குடியுரிமை வழங்கும்படி, தமிழக எம்.பி.க்கள் கட்சி பாராமல் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.

- ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆனையூர், மதுரை