வௌவாலுக்கும் நன்றி சொல்வோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் செந்தூல் அடுக்குமாடியில் ஒரு வீட்டில் டுரியான் வெட்டினால் நாலு வீட்டுக்குச் சுளை போகும். அந்தச் சுளைக்குக் காரணமான வௌவாலைத்தான் யாரும் நினைப்பதில்லை. டுரியான் பூ மாலையில் மலரும். இரவில் தேன் குடிக்க வரும் குகை வௌவால்களே பெரும்பாலும் மகரந்தம் சேர்க்கின்றன, பெத்தாய் என்னும் காய் காய்க்கும் மரத்துக்கும் அப்படித்தான். நாம் 272 படியேறிக் கும்பிடும் பத்துமலையிலும் அவை குடியிருக்கின்றன. பூவைத் தேடி வெகுதூரம் பறக்கும், பாவம்! பூவைத் தின்று நாசமாக்குகிறது என்று நினைத்துச் சிலர் வலை கட்டுவது மனதை அறுக்கிறது. மாட்டுக்குப் பொங்கல் வைக்கும் நமக்கு இது தகுமா? தோட்டம் வைத்திருப்பவர்களே, பூக்கும் மாதங்களிலாவது வலையை அவிழ்த்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
செந்தூல், கோலாலம்பூர்