மீன் விலைச் சராசரியும் செய்நிரல் பிழைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மீன் விலையின் போக்கைக் கணினியில் பார்க்க விரும்பும் திருகோணமலைப் பிள்ளைகள், அடுக்குக்குறி நகரும் சராசரிக்காக (அண்மைய விலைகளுக்குக் கூடுதல் முக்கியத்துவம் தரும் சராசரி) பழைய விலைகளையெல்லாம் சேமித்து வைக்கத் தேவையில்லை. நேற்றைய சராசரி ஒன்றே போதும். இன்றைய விலையிலிருந்து அதைக் கழித்து, வரும் வித்தியாசத்தை எடையால் (மீனின் நிறையல்ல, இன்றைய விலைக்குக் கொடுக்கும் பங்கு) பெருக்கி, நேற்றைய சராசரியோடு கூட்டினால் முடிந்தது. 9 நாள் சராசரிக்கு எடை 2/(9+1), அதாவது 0.2. பாரையின் நேற்றைய சராசரி 1000 ரூபாய், இன்றைய விலை 1100 என்றால் புதிய சராசரி 1020.

பிழை பெரும்பாலும் தொடக்கத்தில்தான். சராசரியை 0 என்று வைத்துத் தொடங்கினால், 1000 ரூபாய் மீனுக்கு முதல் நாள் 200 என்று காட்டும். விலை மாறாமலே இருந்தாலும் பத்தாம் நாளிலும் 893தான். முதல் விலையையே முதற் சராசரியாக வையுங்கள். சி, ஜாவா ஆகிய கணினி மொழிகளில் 2/10 என்று எழுதினால், தசமப் பகுதியை விட்டுவிடும் முழு எண் வகுத்தலில் எடை 0 ஆகிவிடும், சராசரி அசையவே அசையாது. 2.0/10 என்று எழுதவேண்டும்.

வாடைக்காற்றில் வள்ளம் இறங்காத நாள்களுக்கு 0 ரூபாய் என்று பதிவது பெருந்தவறு. அந்த நாள்களை விட்டுவிடுங்கள். கடைசி விலை பதிந்து 3 நாள் கழித்து அடுத்த விலை வந்தால், அன்றைக்கு மட்டும் 1 − 0.8³ (0.8 என்பது 1 − 0.2), அதாவது 0.488 என்ற எடையைப் போடுங்கள்.

வாசகர்,
உவர்மலை, திருகோணமலை.